முத்திரை வெட்டிய ஆடைகள்

புகார்த் துறையில் வந்து குவிந்த பொதிகளுக்குச் சோழரின் சுங்க அதிகாரிகள் புலிப்பொறி இட்டனர் என்று பட்டினப்பாலை கூறும். அந்தப் பொறி பொருளுக்குக் காவலும் மதிப்பும் ஆயிற்று. முன்னாளில் விநய் நகர் என வழங்கிய நம் சரோஜினி நகரின் அங்காடியிலோ, நடைபாதையில் குவிந்து கிடக்கும் ஏற்றுமதி ஆடைகள் பலவற்றில் வெளிநாட்டுக் கடையின் முத்திரை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கி வருகிறோம். அந்த வெட்டுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

கடல் கடந்த நாட்டின் சட்டம் நம் தறியைத் தாக்கிய கதை பழையது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை ஆங்கிலேயர் விரும்பி வாங்கினர். அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர் தம் பிழைப்புப் போயிற்று என்று கொதித்தெழுந்தனர். 1700-ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணமிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் விற்கத் தடைவிதித்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டமோ, சில விலக்குகள் நீங்கலாக, அத்தகைய துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. கும்பினியார் வாணிகத்தை விட்டாரல்லர். ஆப்பிரிக்கக் கரைக்கும் பிற நாடுகளுக்கும் துணியைத் திருப்பி அனுப்பினர். 1734-இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்து நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றினர். முன்பணம் கொடுத்துத் துணி பெறுவது அவர்கள் முறை. தறியில் இருந்தவனுக்குத் தெரிந்தது தவணை நாள் ஒன்றே. அத்துணியை உடுத்துவோர் யார், அவர்தம் நாட்டுச் சட்டம் யாது என்பதெல்லாம் அவன் அறியான்.

திருப்பூருக்கு வருவோம். பனியனுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தையை நம்பியே வாழ்ந்தது. 1970-களின் இறுதியில் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டதிலிருந்தே ஏற்றுமதி வேர்பிடித்தது என்பர். 1980-களின் நடுவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாயளவில் இருந்த ஏற்றுமதி, 2024-25-இல் 40,000 கோடி அளவை எட்டியது.

இவ்வளர்ச்சியின் முற்பகுதி முழுவதும் ஒரு வேலிக்குள்ளேயே நடந்தது. 1974-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு இழை ஒப்பந்தத்தின்படி, ஏழை நாடுகளிலிருந்து எத்தனை சட்டை, எத்தனை பனியன் வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒதுக்கீடு வைத்தன. தாராள வாணிகம் பற்றி நமக்குப் பாடம் சொன்ன நாடுகளே எண்ணி எண்ணி வாங்கின! நம் நாட்டுக்குக் கிடைத்த பங்கை ஏற்றுமதியாளர்க்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு, 1978-இல் தோன்றிய ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவிடம் வந்தது. அக்குழுவின் அலுவலகம் பல ஆண்டுகள் நம் சரோஜினி நகருக்கு நடக்கும் தொலைவில், பிக்காஜி காமா பிளேசில் இருந்தது. தாம் பெற்ற ஒதுக்கீட்டைப் பிறருக்கு விலைக்குக் கொடுத்துப் பிழைத்தவரும் உண்டு. கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மில் பலர்க்கு இது வியப்பளிக்காது.

தொழிலாளர் நிலை என்ன? 1984-இல் பஞ்சப்படி கேட்டு அவர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் வேலையைச் சிறு பட்டறைகளுக்குச் சிதறக் கொடுப்பது பெருகியது. வெட்டுவது ஓரிடம், தைப்பது பவர் டேபிள் வைத்திருப்பவரிடம், சாயம் ஏற்றுவது நொய்யற் கரையில் என்றாயிற்று. பீஸ் கணக்கில் கூலி. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் அதற்கு ‘ஒன்றரை ஷிப்டு’ என்று பெயர். கப்பல் ஏற்றும் நாள் நெருங்கினால் இரவும் பகலாகும். நாள் தவறினால் சரக்கைத் தம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அன்றேல் வாங்குவோர் விலையைக் குறைப்பார், ஆணையையே மறுப்பார். பழுது வருமென்று கூடுதலாகத் தைத்த துணியும், சோதனையில் கழிந்ததும், மறுக்கப்பட்டதும் முத்திரை வெட்டுண்டு உள்நாட்டுக் கடைவீதிகளை அடையும். சரோஜினி நகருக்கு வருவது திருப்பூர்ச் சரக்கு மட்டுமன்று; ஓக்லா, நொய்டா, குர்காவ் ஆலைகளின் மிச்சமும் அங்கே உண்டு. ஏற்றுமதி என்று சொல்லி விற்கும் சாதாரணத் துணியும் அவற்றோடு கலந்தே கிடக்கும்.

நொய்யலும் விலை கொடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்கு மாறாகச் சாயக்கழிவு தேங்கியது, உழவர் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இரு சாராரிடமும் நியாயம் இருந்தது. எனினும் நிலம் இழந்த உழவனின் வழக்கே வலுவானது என்பது என் கருத்து. மலிவு ஆடையின் விலைச்சீட்டில் ஆற்றின் கணக்கு எழுதப்படவே இல்லை.

ஒதுக்கீட்டு வேலி 2005 சனவரி முதல் நாள் நீங்கியது. ஆனால் வேலியைப் பிடுங்கியவர்க்கு மீண்டும் நடவும் தெரியும். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, வாங்குவோர் தள்ளுபடி கேட்டனர். பல ஆணைகள் நின்றன. அப்போது தையற்பொறிகளின் முன் இருந்தவருள் பீகார், ஒடிசா, சார்க்கண்டிலிருந்து வந்தவர் ஏராளம். வேலை தேடி நாம் வடக்கே வந்தோம். அவர்கள் தெற்கே சென்றனர். நமக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. பீஸ் கணக்கில் தைப்பவர்க்கு, ஆணை நின்ற வாரத்தில் கூலி இல்லை. ஊர் திரும்பத் தன்பாத் விரைவுவண்டியில் ஒரு சீட்டு மட்டும் உண்டு.