மனிதனுக்கேற்ற கருவி

கருவிக்கு ஏற்ப மனிதன் தன்னை வளைத்துக்கொள்ள வேண்டுமா, மனிதனுக்கு ஏற்பக் கருவி அமைய வேண்டுமா? இவ்வினாவை ஆராயும் துறைக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். உழைப்பு, நியதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1857 ஆம் ஆண்டில் போலந்து நாட்டறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி இத்துறைக்குப் பெயர் சூட்டினார். 1949 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இதற்கெனச் சங்கம் கண்டனர். இதன் உட்பொருளை மாணவர்க்கு விளக்கத்தக்க சான்றொன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் உண்டு. அவ்வரலாறு இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் தொடங்குகிறது.

அந்நகரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்புச் சிகிச்சை நிபுணராக விளங்கியவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி. கால் இழந்தோருக்கு அந்நாளில் வழங்கப்பட்ட செயற்கைக் கால்கள், சப்பாத்து அணிந்து நடந்து, நாற்காலியில் அமரும் மேனாட்டாருக்காக அமைந்தவை. இந்திய உழவனோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவன், குந்தியிருந்து களை பிடுங்குபவன், சம்மணமிட்டு உண்பவன். ஆகவே பலர் அக்கால்களைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலையே நாடினர். நோயாளியைக் குறை கூறாது, கருவியின் குறையை உணர்ந்தார் சேத்தி.

அவருக்குத் துணை நின்றவர் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞர். இவர்களுடைய முயற்சியால் 1968 இல் 'ஜெய்ப்பூர்க் கால்' உருவாயிற்று. கணுக்காற் பகுதியில் மரம், குதியிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற ரப்பர், இவற்றைப் போர்த்தி டயர் செப்பனிடும் தொழிலில் வழங்கும் உறுதியான ரப்பர் ஆகியவற்றால் அது அமைந்தது. உருவில் அது மனிதப் பாதத்தையே ஒத்திருந்தது, மேடு பள்ளத்துக்கேற்ப வளைந்தது, நீரில் நனைந்தாலும் கெடவில்லை, சப்பாத்தும் வேண்டியிருக்கவில்லை.

1983 இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. குண்டுகளாலும் கண்ணிவெடிகளாலும் கால் இழந்தோர் பெருகிய அக்காலத்தில், 1987 இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் நிறுவப்பெற்றது. அக்கால் குடாநாட்டு வாழ்வுக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. செருப்பைக் கழற்றிக் கோயிலுள் புகவேண்டும்; ஈரமான கிணற்றடியில் நிற்கவேண்டும்; வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து வேலை செய்யவேண்டும். இவற்றுக்கு இடந்தராத கால், நடக்க உதவினும் வாழ உதவாது.

எனினும் ஒருமுறை செய்தளிப்பதோடு பணி முடிவதில்லை. எஞ்சிய காலின் அளவு ஆளுக்காள் வேறுபடும்; குழந்தை வளர வளரக் கால் மாற்றப்பட வேண்டும்; முதியவருக்கும் தேய்ந்த காலைப் புதுப்பிக்க வேண்டும். போர் 2009 இல் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. ஆயினும் இளமையில் கால் இழந்தவருக்கு அத்தேவை வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

மாணவர் இவ்வரலாற்றைத் தம் வகுப்பறையிலேயே பொருத்திப் பார்க்கலாம். கால் நிலத்தில் எட்டாத உயரமான வாங்கில் கூனியிருக்கும் சிறுவனை, நிமிர்ந்திரு என்று கடிவது எளிது. அவனுடைய முழங்கால் உயரத்தை அளந்து, அதற்கேற்ற வாங்கைச் செய்வதே அறிவுடைமை. செய்பவன் முதலில் பயன்படுத்துபவனைப் பார்க்கவேண்டும். பின்னரே உளியை எடுக்கவேண்டும்.