நாலுக்கு மூணு... நிஜமாவா?

புது வீடு கட்டியிருக்கிறீர்களா? ஒரு டேப்பை எடுத்து உள் ரூம் வாசக்காலை அளந்து பாருங்கள். மரக்கடை பில்லில் '4க்கு 3' என்றிருக்கும். டேப்பிலோ மூணே முக்காலுக்கு ரெண்டே முக்கால்!

பெரியநாயக்கன்பாளையத்தில் இப்படி அளந்துவிட்டு ஆசாரியிடம் சண்டைக்குப் போனேன். மனிதர் சிரித்தார். ''ஏனுங்க, இழைப்புளி போட்டா மரம் குறையாதுங்களா?''

குறையும்தான். ஆனால், பி.காம் புத்தி சும்மா இருக்குமா? 4க்கு 3 என்றால் 12 சதுர அங்குலம். கைக்கு வந்தது பத்தே கால் சொச்சம். கொடுத்த காசில் 14 சதவிகிதம் மரச்சீவலாகப் போயிற்று!

பழைய ஓட்டு வீடுகளில் இந்தப் பிரச்னையே கிடையாது. பனஞ்சட்டத்துக்கு ஏது ஸ்டாண்டர்டு சைஸ்? மரம் எவ்வளவு தேறியதோ அவ்வளவு. ஆசாரியின் முழக்கோல் வைத்ததுதான் சட்டம். அந்தத் தச்சு முழம் 33 அங்குலம். பூக்காரம்மா முழத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்!

1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டு ஃபேக்டரி ஆரம்பித்தார்கள். அச்சில் வார்த்த சீமை ஓடு, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உட்காரும். அதனால் தாங்குகிற ரீப்பர்களுக்கு நடுவே சுமார் ஒரு அடி இடைவெளி பிசகாமல் இருக்க வேண்டும். ரீப்பர் கனமும் ஒன்றுபோல வேண்டும். இல்லையென்றால் மழை உள்ளே! ஆக, கூரை மரத்துக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்த வாத்தியார், ஓடு.

மரச்சட்டத்திலேயே வீடு கட்டுகிற அமெரிக்காவில் 1924-ல் நாடு முழுக்க ஒரே அளவு விதி கொண்டுவந்தார்கள். அங்கே 'டூ பை ஃபோர்' என்று விற்கிற சட்டம் இன்று ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். நம்மைவிட மோசம், மூன்றில் ஒரு பங்கு அவுட்! ஆனால், பெயரளவு எது, நிஜ அளவு எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் ஏமாறுவதில்லை.

நமக்கும் 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தது. வெட்டு மரத்துக்கு ஐ.எஸ். 1331 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. மரக்கடையில் இன்னமும் அங்குலமும் கன அடியும்தான் பேச்சு. அங்கே போய் மில்லிமீட்டர் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஆசாரி மேல் தப்பில்லை. கேட்காமல் காசு கொடுத்த என் மேல்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களாவது கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: ''அறுத்த அளவா, இழைச்ச அளவா?''