மூன்று ஆசனங்கள்: ஒல்லாந்தின் ஒரு சிறு கட்சியின் தேர்தல் வரலாறு

தேர்தலில் நிற்கும் கட்சிகள் யாவும் ஆட்சியைக் கைப்பற்றும் நோக்குடனேயே நிற்கின்றன என்பது பொதுவாக நிலவும் கருத்து. தோற்ற கட்சி அடுத்த முறை வெல்வதற்காகத் தன் கொள்கையைச் சற்றே தளர்த்தும். வென்ற கட்சி வென்றதைக் காப்பதற்காக அதனை மேலும் தளர்த்தும். இவ்வழக்கத்துக்கு அடங்காத கட்சியொன்று ஒல்லாந்து எனப்படும் நெதர்லாந்து நாட்டிலே நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றது. சீர்திருத்த அரசியற் கட்சி என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம், அந்நாட்டார் எஸ்.ஜி.பி. என்று சுருக்கி அழைப்பர். 1922 முதல் 2025 வரை நடைபெற்ற எந்தப் பொதுத் தேர்தலிலும் அது மூன்று ஆசனங்களுக்கு மேல் பெற்றதில்லை. ஒரு தேர்தலிலேனும் வெறுங்கையுடன் திரும்பியதுமில்லை. ஓர் அமைச்சர் பதவியும் அதற்குக் கிடைத்ததில்லை. ஆயினும் அந்நாட்டின் பாராளுமன்ற வரலாற்றை எழுதுவோர் இக்கட்சியை விட்டுவிட்டு எழுத இயலாது.

கட்சியின் பிறப்பு 1918 ஏப்ரல் மாதத்தில், நாட்டின் தென்மேற்கிலே கடலோடு மல்லுக்கட்டி வாழும் ஸேலாந்து மாகாணத்து மிடில்பர்க் நகரில் நிகழ்ந்தது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஹெரிட் ஹென்ட்ரிக் கெர்ஸ்டன் என்னும் போதகர். சிதறிக் கிடந்த சிறு சீர்திருத்தச் சபைகளை 1907 இல் ஒரே அமைப்பாகத் திரட்டியவரும் அவரே. அப்போது கல்வினிய மக்களின் பெருங்கட்சியாக விளங்கியது ஆபிரகாம் கைப்பர் 1879 இல் நிறுவிய புரட்சி எதிர்ப்புக் கட்சி. அது கத்தோலிக்கரோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சி நடத்தியது. ரோமாபுரியோடு கைகோத்தவர்கள் சீர்திருத்தத்தைக் கைவிட்டவர்கள் என்பது கெர்ஸ்டனின் குற்றச்சாட்டு.

பிணக்கின் மூலம் ஒரு பழைய வாசகத்திலே உள்ளது. 1561 இல் எழுதப்பட்ட பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 36 ஆம் பிரிவு, விக்கிரக ஆராதனையையும் பொய்யான வழிபாட்டையும் அகற்றுவது அரசின் கடமை என்று கூறுகின்றது. பல மதத்தவர் வாழும் நாட்டில் இதனைச் சொல்வது பொருந்தாது என உணர்ந்த கைப்பரின் சபையார் 1905 இல் அப்பிரிவிலிருந்து 21 சொற்களை நீக்கினர். நீக்கப்பட்ட அந்த 21 சொற்களே எஸ்.ஜி.பி.யின் அடித்தளம். குறைக்கப்படாத 36 ஆம் பிரிவைத் தன் கொள்கையாக அது பறைசாற்றியது.

தமிழ் வாசகருக்கு இச்சொற்கள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து அவர்களின் கோயில்களைச் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாக்கியதும், 1687 இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்க நேர்ந்ததும் அதே விசுவாச அறிக்கையை ஏற்ற சபை அரசோடு இணைந்து நின்ற காலத்தில்தான். ஆனால் கம்பனியின் கையில் வாளும் இருந்தது. கெர்ஸ்டனின் கையில் இருந்தது வாக்குச் சீட்டு மட்டுமே.

அந்த வாக்குச் சீட்டுக்குப் பலம் தந்தது 1917 இன் அரசியலமைப்புத் திருத்தம். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, விகிதாசாரப் பிரதிநிதித்துவம், மதப் பாடசாலைகளுக்கு அரசுப் பாடசாலைகளுக்கு ஒப்பான நிதி ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தன. நாடு முழுவதும் பதிவாகும் வாக்குகளைச் சேர்த்து எண்ணி, மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் இரண்டாம் சபையின் 100 ஆசனங்களைப் பங்கிட்டனர். ஆகவே ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்களும் நூற்றுக்கு ஒருவராக இருந்தால் ஓர் ஆசனத்தைப் பெறலாம். தொகுதி முறை நீடித்திருந்தால் எஸ்.ஜி.பி. நாடறிந்த கட்சியாக ஆகியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியது. மக்களாட்சியை இறையாட்சிக்குக் கீழானதாகக் கருதிய கட்சிக்கு வாழ்வளித்தது மக்களாட்சியின் மிகத் தாராளமான தேர்தல் முறையே.

1918 தேர்தலில் ஏறத்தாழ 5000 வாக்குகள் கிடைத்தன, ஆசனம் இல்லை. 1922 இல் வாக்குகள் 26000 ஐத் தாண்டின. கெர்ஸ்டன் சபைக்குள் நுழைந்தார். 1925 இல் 62000 க்கு மேற்பட்ட வாக்குகளோடு இரண்டு ஆசனங்களும், 1929 இல் மூன்று ஆசனங்களும் வந்தன. இங்கே ஒன்று நோக்கத்தக்கது. 1919 இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. அவர்கள் வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் 1922 இன் தேர்தல். பெண் வாக்குரிமை வேதத்துக்கு முரணானது என்று கூறிய கட்சி, பெண்கள் முதன்முதலாக வாக்களித்த தேர்தலிலேயே சபைக்குள் வந்து சேர்ந்தது. இம்முரண் அக்கட்சியைத் தொண்ணூறு ஆண்டுகள் விடாது தொடர்ந்தது.

கட்சியின் பெயரை நாடறியச் செய்தது 1925 நவம்பர் 11 ஆம் நாள். வத்திக்கானில் இருந்த ஒல்லாந்துத் தூதரகத்துக்கான செலவை நீக்க வேண்டும் என்று வெளிநாட்டலுவல்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கெர்ஸ்டன் திருத்தம் கொண்டுவந்தார். முந்திய ஆண்டுகளிலும் அவர் இதனையே கேட்டிருந்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. இம்முறை நிலைமை வேறு. ஆளுங்கூட்டணியில் இருந்த கிறிஸ்தவ வரலாற்று ஒன்றியம் என்னும் புரட்டஸ்தாந்தக் கட்சிக்கும் அத்தூதரகம் உறுத்தலாகவே இருந்தது; அது திருத்தத்துக்கு ஆதரவளித்தது. தூதரகத்தின்பால் வெறுப்பேதும் இல்லாத இடதுசாரி எதிர்க்கட்சிகளோ கூட்டணியை உடைக்க நல்ல வாய்ப்பு வந்தது என்று கெர்ஸ்டனோடு சேர்ந்து வாக்களித்தன. திருத்தம் நிறைவேறியது. கத்தோலிக்க அமைச்சர்கள் பதவி விலகினர். கொலைன் தலைமையில் ஆகஸ்டு மாதத்தில் அமைந்த அமைச்சரவை நவம்பரில் கவிழ்ந்தது. 1926 மார்ச்சு வரை புதிய அமைச்சரவை அமையவில்லை. இரண்டே உறுப்பினரைக் கொண்ட கட்சி ஓர் அரசைக் கவிழ்த்த அந்த நாளைக் ‘கெர்ஸ்டனின் இரவு’ என்று அந்நாட்டு வரலாறு குறிக்கின்றது. அதனால் விளைந்த பயன் யாது என்று கேட்டால் விடை சிறிதே. கத்தோலிக்கர் அமைச்சரவைக்கு மீண்டும் வந்தனர். வத்திக்கானோடு உறவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீண்டும் ஏற்பட்டது.

அப்போர் கெர்ஸ்டனின் அரசியல் வாழ்வை முடித்துவைத்தது. நாட்டின் பாவங்களுக்கான இறை தண்டனையாகவே அவர் ஜெர்மானியரின் படையெடுப்பைக் கண்டார். கட்சி ஏடான ‘டி பானியர்’ ஆக்கிரமிப்பின் கீழும் தொடர்ந்து வெளிவந்தது. விடுதலைக்குப் பின் அவருக்குப் பாராளுமன்றத்தில் மீண்டும் இடமளிக்கப்படவில்லை. 1948 இல் காலமானார். அவருக்குப்பின் போதகர் ஸாண்ட் தலைமையேற்றார்.

தலைவருக்கு நேர்ந்த இவ்வளவு பெரிய இழுக்கு வாக்குகளை அசைக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 1937 இல் இரண்டு ஆசனம். 1946 இலும் இரண்டு. 1956 இல் சபையின் உறுப்பினர் தொகை 150 ஆக உயர்த்தப்பட்டபோது இரண்டு மூன்றாயிற்று. ஆனால் விகிதம் அதே நூற்றுக்கு இரண்டுதான். அதன்பின் 1989 வரை ஒவ்வொரு தேர்தலிலும் மூன்று. 1994 இல் இரண்டு, 1998 இல் மூன்று, 2002 முதல் 2010 வரை இரண்டு, 2012 முதல் மீண்டும் மூன்று. இந்த ஏற்றத்தாழ்வுகள் பெரும்பாலும் பின்னங்களைப் பங்கிடும் கணக்கினால் வந்தவை. மக்களின் மனமாற்றத்தால் வந்தவை அல்ல.

மற்றைய கிறிஸ்தவக் கட்சிகளோடு ஒப்பிடும்போதே இதன் பொருள் விளங்கும். கத்தோலிக்க மக்கள் கட்சியும் இரு பெரும் புரட்டஸ்தாந்தக் கட்சிகளும் சேர்ந்து 1963 இல் 150 இல் 76 ஆசனங்களைப் பெற்றிருந்தன. 1967 இல் அவை 69 ஆகின. 1972 இல் 48 மட்டுமே. கோயில்கள் வெறுமையான வேகத்திலேயே வாக்குப் பெட்டிகளும் வெறுமையாயின. மூன்று கட்சிகளும் 1980 இல் ஒன்றாகி, கிறிஸ்தவ ஜனநாயக முறையீடு என்ற பெயரில் 1986 இல் 54 ஆசனங்கள் வரை எழுந்தன. 2023 இல் ஐந்துக்கு வீழ்ந்து, 2025 இல் 18 ஐ மீட்டன. 2023 இல் ஆட்சியாளர் கட்சிக்கு ஐந்து, ஆட்சியையே நாடாத கட்சிக்கு மூன்று!

இந்த அசையா நிலைக்கு விளக்கம் அம்மக்களின் வாழ்க்கை முறையில் உள்ளது. ஸேலாந்தின் தீவுகளிலிருந்து வடகிழக்கே ஸ்டாப்ஹோர்ஸ்ட் வரை குறுக்காகச் செல்லும் நிலப்பரப்பை ‘வேதாகமப் பட்டி’ என்பர். அங்கே ஞாயிறு ஓய்வுநாள். பிள்ளைகள் தங்கள் சபை சார்ந்த பாடசாலைகளுக்கே செல்வர். 1971 முதல் தமக்கெனத் தனி நாளிதழும் உண்டு. குடும்பங்கள் பெரியவை. குடும்பங்கள் பெரியவையாயின் வாக்கு விகிதமும் வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? வளரவில்லை. ஆதலின் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பகுதியினர் ஓசையின்றி வெளியேறுகின்றனர் என்றே கொள்ள வேண்டும். அட்டவணையில் நிலைத்து நிற்கும் நூற்றுக்கு இரண்டு என்னும் எண், உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாயிருக்கும் குளத்தின் நீர்மட்டம் போன்றது.

எஞ்சியவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்கள். வாக்குச் சாவடிக்குச் செல்வது 1970 வரை சட்டப்படி கட்டாயமாக இருந்தது. அக்கட்டாயம் நீங்கியபின் பிறர் வீட்டில் இருக்கும் நாளில் இவர்களின் பங்கு உயர்கின்றது. பாதிப்பேர்கூட வாக்களிக்காத 2024 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் எஸ்.ஜி.பி. நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் பெற்றுத் தன் ஆசனத்தைக் காத்தது. முன்னர் அதனோடு ஒரே பட்டியலில் நின்ற கிறிஸ்தவ ஒன்றியம் என்னும் கட்சி இருந்ததையும் இழந்தது.

இதே நிலப்பரப்பு இன்னொரு படத்திலும் தெரிகின்றது. கட்டாயத் தடுப்பூசியை எதிர்ப்பது கட்சியின் தொடக்கக் கால முழக்கங்களுள் ஒன்று. இறைவனின் பராமரிப்பில் மனிதன் குறுக்கிடலாகாது என்பது அதன் வாதம். இவ்வாக்காளருள் தடுப்பூசி இடுவோரும் பலர். எனினும் 1992–93 இல் அந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது நோயுற்ற 71 பேரும் இறந்த இருவரும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுப்பூசி மறுத்த சமயக் குழுவினரே. கட்சியின் தேர்தல் அட்டவணையை மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்த எண் கண்ணில் படாது.

ஆட்சியை நாடாத கட்சியை ஆட்சி நாடிவந்ததும் உண்டு. 2011 இல் மார்க் ரூட்டேயின் சிறுபான்மை அரசும் அதனை ஆதரித்த கட்சியும் சேர்ந்து 75 உறுப்பினர் கொண்ட மேற்சபையில் 37 ஆசனங்களையே பெற்றன. முப்பத்தெட்டாவது ஆசனம் எஸ்.ஜி.பி.யின் தனி உறுப்பினரான ஹோல்டைக்கிடம் இருந்தது. 2013 இலும் அடுத்த ரூட்டே அரசு வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதரவு தேடி இவர்களோடும் உடன்படிக்கை செய்தது. கெர்ஸ்டன் ஒரு வாக்கெடுப்பால் அரசைக் கவிழ்த்தார். அவர் வழிவந்தவர்கள் வாக்களித்து அரசைத் தாங்கினர்.

பெண்களின் பிரச்சினைக்கு வருவோம். காலப்போக்கில் கட்சிக் குடும்பத்துப் பெண்களும் வாக்களிக்கலாயினர். கணவனும் மனைவியுமாகச் சாவடிக்குச் செல்லாவிட்டால் நூற்றுக்கு இரண்டு எங்ஙனம் நிலைத்திருக்கும்? ஆயினும் அவர்கள் முழு உறுப்பினராக ஏற்கப்பட்டது 2006 இல்தான். அப்போதும் வேட்பாளராகும் உரிமை இல்லை. பெண்ணுரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2010 ஏப்ரல் 9 அன்று ஒல்லாந்தின் உயர் நீதிமன்றம், பெண்களை வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக்குவதை அரசு பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கட்சி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 ஜூலையில் அம்மனு ஏற்கப்படவில்லை. 2013 இல் கட்சி தன் விதியைத் திருத்தியது. ஆணின் தலைமை பற்றிய கொள்கை ஏட்டிலே மாறவில்லை. பெண்ணைத் தடுக்கும் விதி மட்டும் நீங்கியது.

நீதிமன்றம் ஒரு கட்சியின் விசுவாசத்துக்குள் புகலாமா என்ற கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் வாக்கைப் பெற்றுக்கொண்டு வேட்பாளராகும் உரிமையை மறுப்பது விசுவாசத்தைக் காட்டிலும் வசதிக்கே அணுக்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2014 மார்ச்சு மாத உள்ளூராட்சித் தேர்தலில், மிடில்பர்க்குக்கு மிக அருகே உள்ள ஃப்ளிஸிங்கன் துறைமுக நகரில், தலைமை வேட்பாளராக நிறுத்த ஆண் ஒருவர் கிடைக்காமையால் லிலியன் யான்ஸே என்னும் பெண்மணி எஸ்.ஜி.பி. பட்டியலின் தலையில் நின்றார். அவர் தெரிவு செய்யப்பட்டார். கட்சி பிறந்து 96 ஆண்டுகள் கழித்து அதன் சார்பில் ஒரு சபையில் அமர்ந்த முதற் பெண் அவரே. 2025 அக்டோபர் 29 இல் நடந்த பொதுத் தேர்தலில் கட்சி மீண்டும் மூன்று ஆசனங்களைப் பெற்றது. தெரிவான மூவரும் ஆண்கள்.