பானை ஓடும் கலைஞன் கையும்

பழையதை ஆராய்தல் தொல்லியலார் பணி. புதியது படைத்தல் கலைஞர் பணி. இவ்விரண்டும் கைகோத்து நடக்க இயலுமோ என்னும் வினாவுக்கு நாம் வாழும் கேரள மண்ணிலேயே ஒரு விடை உண்டு.

சேரர் துறைமுகமாகிய முசிறியை அகநானூறும் புறநானூறும் பாடுகின்றன. யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்ற செய்தியை அவற்றால் அறிகிறோம். எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்னும் சிற்றூரே அம்முசிறி என்பர் ஆய்வாளர் பலர். கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அங்கு அகழ்ந்தபோது ஆம்போராச் சாடித் துண்டுகள், கண்ணாடி மணிகள், மரத்தோணி, மிளகு முதலியன வெளிப்பட்டன. இவற்றினும் மிகுதியாகக் கிடைத்தவை உள்ளூர்ப் பானை ஓடுகளே. அவற்றைக் காணக் கூட்டம் கூடுவதில்லை.

அவ்வோடுகளைக் கொண்டு ஒரு நகரத்தையே சமைத்தார் ஓவியர் விவான் சுந்தரம். 2012 டிசம்பரில் தொடங்கிய முதல் கொச்சி–முசிறி ஈராண்டுக் கலைவிழாவில் 'கறுப்புப் பொன்' என்னும் அப்படைப்பு இடம்பெற்றது. நீர் புகுந்து மிளகு மிதக்கும் அந்நகரைக் காணொளியாகவும் காட்டினார். அறிக்கைகளைப் படியாதவரும் கடல்வாணிகத்தின் வாழ்வையும் அழிவையும் அங்கே கண்டனர்.

இது வரலாறாகுமா என்று சிலர் வினவலாம். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் ஒன்று சொல்வோம். எண்ணிடாத தாள் கோப்பிலிருந்து பிரிந்தால் அதன் பொருள் தொலைந்துவிடும். எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்னும் குறிப்பை இழந்த ஓடும் அத்தகையதே. ஆதலின் பதிவு முந்துதல் வேண்டும். கலை அதன்பின் வருதல் வேண்டும். கலைஞன் கட்டிய நகரம் கற்பனை, ஓடோ சான்று. இவ்வேறுபாட்டைக் காண்போர்க்கு உணர்த்திவிட்டால் இரண்டுக்கும் நன்மையே.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நமக்கு இதில் தனிப் பங்குண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் வகுத்த எல்லையால் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நாம் இப்பால் நின்றோம். சமணச் சிற்பங்கள் விளங்கும் சிதறால் மலை இன்று அண்டை மாநிலத்தது. தமிழ்ப்பாட்டில் வாழும் முசிறியோ கேரளத்தது. மலையாளப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் தமதென்று கொள்ளும் உரிமையுடையர். கிணறு தோண்டுகையில் பழைய ஓடு தென்பட்டால் அதனை எறிந்துவிடாது, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். பின்பு பிள்ளைகள் அதனை வரையட்டும், களிமண்ணில் வனையட்டும். கையால் வனைந்து அறிந்ததை அவர்கள் எளிதில் மறவார்.