மௌனா கேயாவின் ஆடுகள்

ஹவாய்த் தீவில் கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மௌனா கேயா என்னும் உறங்கும் எரிமலையின் சரிவுகளில், 1930களின் தொடக்கத்தில் சுமார் 40,000 செம்மறியாடுகள் மேய்ப்பரின்றித் திரிந்தன. அவற்றோடு வெள்ளாடுகளும் இருந்தன. இவை அம்மலைக்கு உரிய காட்டினங்கள் அல்ல. கப்பலில் வந்து, பட்டியை விட்டு நீங்கிக் காட்டு வாழ்வுக்குத் திரும்பிய வீட்டு விலங்குகளின் வழித்தோன்றல்கள்.

1778இல் கேப்டன் ஜேம்ஸ் குக் ஒரு வெள்ளாட்டுக் கிடாயையும் இரு பெட்டை ஆடுகளையும் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த நீஹாவ் தீவில் இறக்கிவிட்டார். 1793இல் ஜார்ஜ் வான்கூவர் கலிபோர்னியாவிலிருந்து மாடுகளையும் செம்மறிகளையும் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுவந்தார். பசிபிக் கடலில் செல்லும் கப்பல்களுக்கு வழியில் இறைச்சி கிடைக்கவேண்டும் என்பது இத்தகைய கொடைகளின் நோக்கங்களுள் ஒன்று. மாடுகள் பெருகும்வரை அவற்றைக் கொல்லக்கூடாது என்று ஹவாய்த் தீவின் மன்னர் கமேஹமேஹா 'கபு' விதித்தார்; கபு என்பது மீறுவோரைக் கடுந்தண்டனைக்கு உள்ளாக்கும் சமயத் தடை.

அத்தீவுகளுக்கு உரிய தரைவாழ் பாலூட்டி ஒரு வௌவால் மட்டுமே. குளம்புள்ள விலங்கையே அறியாது பரிணமித்த தாவரங்கள் பலவற்றுக்கு முள்ளோ கசப்போ காப்பாக அமையவில்லை. ஆகவே செம்மறிகள், மலையின் மேற்சரிவில் வளரும் அவரைக் குடும்பத்து மாமனே மரத்தின் நாற்றுகளை மேய்ந்தும் பட்டையை உரித்தும் வந்தபோது, முதுமரங்கள் பட்டுப்போன இடத்தில் இளமரங்கள் தலையெடுக்கவில்லை. காடு மெல்லச் சுருங்கியது.

இதைக் கண்ட வனத்துறையினர் 1930களின் நடுப்பகுதியில் காட்டைச் சுற்றி வேலியமைத்து, அடுத்த ஆண்டுகளில் 46,000க்கும் மேற்பட்ட செம்மறிகளை அகற்றினர். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேட்டை பொழுதுபோக்காக வளர்ந்தமையால், எஞ்சிய மந்தை அழிக்கப்படாமல் வேட்டைக்கெனப் பேணப்பட்டது. 1962 முதல் 1966 வரை, மத்தியதரைக் கடல் தீவுகளில் வாழும் மூஃப்லான் என்னும் காட்டுச் செம்மறியும் அதே நோக்குடன் விடப்பட்டது.

மாமனே மரத்தையே நம்பி வாழ்ந்தது பலிலா என்னும் பறவை. மாமனேயின் பச்சைக் காய்களைக் கிழித்து விதைகளை உண்பது அதன் இயல்பு. 1978இல் சூழலியல் அமைப்புகள் பலிலாவையே முதல் வாதியாகப் பெயரிட்டு ஹவாய் மாநிலத்தின் நில, இயற்கை வளத் துறைமீது வழக்குத் தொடுத்தன. பறவையை நேரடியாகக் கொல்லாவிடினும் அதன் வாழிடத்தை ஆடுகள் அழிக்க விடுவது, 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் தடைசெய்த தீங்கே என 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்து, காட்டு நிலையில் வாழ்ந்த செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் அகற்ற ஆணையிட்டது. மூஃப்லானுக்கும் இது பொருந்தும் என்ற 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1988இல் மேல்முறையீட்டில் உறுதியானது.

பரிசாகவும் உணவாகவும் வேட்டைப்பொருளாகவும் மனிதரால் மாறிமாறி மதிக்கப்பட்ட இவ்விலங்குகள் இறுதியில் வெளியேற்றப்பட வேண்டியவை ஆயின. குக் நீஹாவில் மூன்று ஆடுகளை இறக்கியதற்கும் நீதிமன்றத்தின் முதல் ஆணைக்கும் இடைப்பட்ட காலம் 201 ஆண்டுகள்.