ஆலோசனைக்குக் கூலி கொடுப்பவர் யார்? கோலார் தங்கவயலை முன்வைத்துச் சில குறிப்புகள்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் ஒரு நிகழ்ச்சியைத் தவறாமல் குறிப்பிடுவர். 1880களின் தொடக்கத்தில் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையிருப்பு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. சுரங்கத்தைக் கைவிட்டு, எஞ்சிய பணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது இலண்டன் பங்குதாரர் பலரின் எண்ணம். இன்னும் சற்று ஆழமாகத் தோண்டிப் பார்க்கலாம் என்றது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். பங்குதாரர்கள் இசைந்தனர். கேப்டன் பிளம்மர் அனுப்பப்பட்டார். சாம்பியன் ரீஃப் எனப் பின்னாளில் பெயர்பெற்ற வளமான படிவம் அகப்பட்டது. நல்ல ஆலோசனைக்கு உவமை போல இக்கதை இன்றும் சொல்லப்படுகிறது.

ஆனால் ஆலோசனை சொன்னவருக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது என்பதை அக்கதை கேட்பதில்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கத்தை நடத்தும் பொறியாளர் நிறுவனம். சுரங்கம் நடந்தால்தான் அதற்கு நிர்வாக ஊதியம். மூடினால் அவ்வருவாய் நின்றுபோகும். ஆக, தோண்டுவதா நிறுத்துவதா என்ற கேள்வியை, தோண்டுவதால் வருவாய் பெறுபவரிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது பலித்தது என்பது வேறு செய்தி.

பலிக்காத இடமும் வெகுதொலைவில் இல்லை. அதே ஆண்டுகளில், 1879 முதல் 1881 வரை, வயநாட்டின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் எடுப்பதாகச் சொல்லி இலண்டனில் நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. இந்திய அரசு அழைத்து வந்த ஆஸ்திரேலிய நிபுணர் பிரவ் ஸ்மித்தின் நம்பிக்கை மிகுந்த அறிக்கை அந்த வேகத்திற்கு நெய் வார்த்தது. சில ஆண்டுகளிலேயே அவை சரிந்தன; பங்கு வாங்கியோர் பணத்தை இழந்தனர். வயநாட்டிலும் கோலாரிலும் சொல்லப்பட்ட ஆலோசனை ஏறக்குறைய ஒன்றே: ‘பணம் போடுங்கள், இன்னும் தோண்டுவோம்.’ பாறைக்குள் என்ன இருந்தது என்பதில்தான் வேறுபாடு. விளைவை வைத்து ஆலோசகரை எடைபோடும் வழக்கம் எத்துணை பிழையானது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

இவ்வளவும் பங்குதாரர் கதை. தொழிலாளருக்கு வருவோம். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த, பெரும்பான்மையும் தலித் மக்களான சுரங்கத் தொழிலாளர்க்கு முதல் ‘பண ஆலோசகர்’ மேஸ்திரிதான். (போர்த்துகீசிய ‘மெஸ்த்ரெ’ தமிழில் மேஸ்திரியானது, தலைசிறந்த கைவினைஞரைக் குறித்த சொல், ஆள் கட்டி மேய்ப்பவரைக் குறிக்கலாயிற்று.) முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், எந்தச் சுரங்கத்தில் சேர்வது என்று சொன்னவரும், கடன் கொடுத்தவரும் பல வேளைகளில் ஒருவரே. தொழிலாளி அவருக்கென்று தனியாக ஒன்றும் கொடுத்ததில்லை. அவர் பங்கு, வேலை அளவிலிருந்தும் கூலியிலிருந்தும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிடும்.

1956 இந்த வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஆண்டு. அவ்வாண்டில்தான் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது; ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில். முகவர் ஊதியம் பற்றி 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் வகுத்திருந்த உச்சவரம்பு இது: முதலாண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, அடுத்த இரண்டு ஆண்டுகள் 7.5, அதன்பின் 5. அதாவது நெடுங்காலத் திட்டம் ஒன்றைப் புதிதாக விற்பதில்தான் முகவருக்கு வருவாய். ‘உங்களுக்கு இது வேண்டாம், அஞ்சலகத்தில் போடுங்கள்’ என்று சொல்வதில் இல்லை. முகவர் பலர் நேர்மையாளர்களே. எனினும் நேர்மையைத் தண்டிக்கும் ஊதிய முறையைக் கட்டிவைத்துவிட்டு, முகவரின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இதனோடு ஒப்பிட்டால் சீட்டு வெளிப்படையானது என்றே சொல்வேன். சீட்டு நடத்துபவரின் தரகு எல்லார் கண்முன்னும் கழிக்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 5 சதவீதம் என வரம்பு கட்டியது, 2019இல் அது 7 ஆயிற்று. சீட்டு முறியலாம், நடத்துபவர் ஓடலாம். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கட்டுபவருக்குத் தெரியும்.

மொழியும் இவ்விடத்தில் சான்று தருகிறது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் ‘ஃபீஸ்’ கொடுக்கிறோம். வீட்டுத் தரகருக்குத் ‘தரகு’. பணத்தைப் பற்றி யோசனை சொல்பவருக்கோ நம் பேச்சில் ஊதியச் சொல்லே இல்லை. ‘பாலிசி போட்டுக் கொடுத்தார்’, ‘ஃபண்டில் போட்டுவிட்டார்’ என்கிறோம். வினை, உதவியின் வினை. ‘கொடுத்தார்’ என்னும் துணைவினைக்குள் விற்பனை மறைந்துகொள்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி என வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரும் தொகைகளை என்ன செய்வது என்ற கேள்வி குடும்பங்களின் முன் நின்றது. கட்டணம் பெற்று, எதையும் விற்காமல் யோசனை சொல்லும் ஆலோசகர் என்ற சட்ட வகையே அன்று இந்தியாவில் இல்லை. ‘அரசு நிறுவனம்தானே’ என்று நம்பப்பட்ட யூனிட் டிரஸ்டின் யூஎஸ்-64 திட்டம், சுரங்கம் மூடி நான்கே மாதங்களில், 2001 ஜூலையில் விற்பனையையும் திரும்பப் பெறுதலையும் நிறுத்திவைத்தது.

மாற்றம் மெல்ல வந்தது. பரஸ்பர நிதியில் சேரும்போதே கழிக்கப்பட்டுவந்த நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. அதற்கு முன் அது பெரும்பாலும் 2.25 சதவீதம், ஐந்து லட்சத்திற்கு 11,250 ரூபாய். 2013 ஜனவரியில் தரகில்லாத நேரடித் திட்டங்களும், முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைகளும் வந்தன. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்பனையும் ஒருசேரச் செய்யலாகாது என்பது 2020இல் உறுதியாயிற்று. ஒருவர் பதிவுபெற்ற ஆலோசகரா என்பதை இன்று செபியின் இணையதளத்தில் சில நொடிகளில் பார்த்துவிடலாம். ஆலோசகரின் பதிவெண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும்; விநியோகஸ்தருக்கு இருப்பது ‘ஏஆர்என்’.

எனினும் அத்தகைய ஆலோசகர் நாடு முழுவதற்கும் மிகச் சிலரே, பெரும்பாலும் பெருநகரங்களில். சொத்தின் அளவில் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 2.5 சதவீதம் வரை பெறலாம் என்கிறது விதி. ஐந்து லட்சத்திற்கு அது 12,500 ரூபாய், அதுவும் ஆண்டுதோறும். ஒழிக்கப்பட்ட நுழைவுக் கட்டணத்தையே விஞ்சும் தொகை. சிறுதொகைக் குடும்பத்திற்குப் பொருந்துவது ஒருமுறை கொடுத்து முடிக்கும் நிலையான கட்டணம். ஆனால் அந்தச் சிறு கட்டணத்திற்காக உழைக்கும் ஆலோசகர் அரிது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து இரவு திரும்பும் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளின் வருங்கால வைப்பு நிதியும் ஒருநாள் கைக்கு வரும். அன்று அவர்கள் வாசலுக்கு முதலில் வருபவர், அவர்களிடம் கட்டணம் எதுவும் கேட்காதவராகவே இருக்கக்கூடும்.