நொண்டியின் சிரிப்பு

நொண்டி நாடகத்தைப் பக்தி இலக்கியம் என்று வகைப்படுத்தி, அதன் கொச்சையை மன்னித்துவிடுவது சுலபம். எனக்கு இது ஒப்பவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிற சிருஷ்டி அல்ல அது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் தழைத்த வகை. கதை ஏறக்குறைய ஒன்றுதான். கள்ளன் ஒருவன் தாசி வீட்டில் கைப்பொருளை இழக்கிறான், குதிரை திருடப் போய்ப் பிடிபடுகிறான், கால் வெட்டப்படுகிறது, தெய்வத்தை வேண்ட, கால் வளர்கிறது. தெய்வம் ஊருக்கு ஊர் மாறும். திருச்செந்தூரில் முருகன், சீதக்காதி நொண்டி நாடகத்தில் கள்ளன் மக்காவுக்குப் போகிறான். செங்கல்பட்டை அடுத்த திருக்கச்சூருக்கும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. சுந்தரர் பசிக்காகச் சிவனே வீடுவீடாய் இரந்ததாகச் சொல்லப்படும் ஊர். மலைமேல் இருப்பவர் மருந்தீசர். கால் போனவன் வந்து நிற்க இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை.

அதே நூற்றாண்டுகளில் லண்டன் தெருக்களில் ஒற்றைத்தாள் பாட்டுகள் ஒரு பென்னிக்கு விற்றன. ஓட்டைப் பாத்திரம் அடைப்பவன், மாவு அரைப்பவன், செருப்புத் தைப்பவன் எல்லோரும் அவற்றில் நாயகர்கள். தொழிற்கருவிதான் சிலேடை. சாமுவேல் பெப்பிஸ் 1800க்கு மேல் சேர்த்துவைத்தார், கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. அங்கே பாத்திரக்காரன் வேலையை முடித்துக்கொண்டு பெரும்பாலும் சிரித்தபடி நடையைக் கட்டிவிடுவான். நம் கள்ளனுக்குக் களவே தொழில். தாசிக்கு அவள் தொழில். இருவரில் தொழில் தெரிந்தவள் அவள்தான். அவள் தப்பிவிடுகிறாள். அவன் ஒற்றைக்காலில் நின்று தன் சாமர்த்தியத்தையும் காமத்தையும் தானே பாடுகிறான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அரசன் வெட்டிய காலைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது சிரித்த பிறகுதான் உறைக்கும்.

பக்தியும் பரிகாசமும் ஒட்டாது என்பவர்கள் மாமல்லபுரம் போகலாம். 7ஆம் நூற்றாண்டுப் பெரும்பாறையில், தபசு செய்யும் முனிவனுக்குக் கீழே ஒரு பூனையும் தபசு செய்கிறது. சுற்றிலும் எலிகள். சிற்பிக்கு இது அபசாரமாகப் படவில்லை.

நொண்டிச் சிந்தைப் பாரதி ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’க்கு எடுத்துக்கொண்டார். கள்ளன் துள்ளிய தாளம் தேசத்தின் துக்கத்தைச் சுமந்தது. அவருக்குப் பின்வந்த நமக்கு அதில் துக்கம் மட்டுமே கேட்கிறது. பழைய நாடகங்களில் கொச்சை வரிகளை நீக்கிவிட்டுப் பதிப்பித்தால் மிஞ்சுவது ஸ்தல புராணம். கள்ளனின் சிரிப்போடு வெட்டுப்பட்ட காலும் போய்விடும். வெட்டியவன் யார் என்ற கேள்வியும்தான்.